நீலம் இறங்கிய வீடு

ஐந்து மணி நேரம். பொன்னுலிங்கம் ஆசான் என் மாமியாரின் அடிவயிற்றில் குழல் வைத்து உறிஞ்சியதிலிருந்து, மாமியாருக்கு நீல நிறத்தில் மூத்திரம் போனதுவரை சரியாக ஐந்து மணி நேரம்.

கண்ணால் கண்டவர்கள் மூன்று பேர். மாமியார், நாத்தனார், நான். கண்டதாகச் சொன்னவர்கள் முந்நூறு பேர்.

தோவாளையில் சாயங்காலப் பஸ்ஸில் பூ மூட்டையோடு ஏறியவர்கள் செய்தியை வடசேரிக்குக் கொண்டுபோனார்கள். வடசேரிச் சந்தையிலிருந்து அது கத்தரிக்காயோடும் வெள்ளரிக்காயோடும் நாலு திசைக்கும் போயிற்று. அந்த வருஷம் திருவிதாங்கூரோடு இருப்பதா, தமிழ்நாட்டோடு சேர்வதா என்று ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடந்தது. மறுநாள் காலையில் இரண்டு கட்சியும் எங்கள் வாசலில் ஒன்றாக நின்றன. தலைவர்களால் முடியாததை என் மாமியாரின் மூத்திரம் முடித்துவிட்டது.

"விஷம் இறங்கிட்டு!" என்றார் ஒருவர்.

"நல்ல கருநீலமாம். மயில் கழுத்து கணக்கா."

"கைவிஷத்துக்கு அதுதான் நிறம். எனக்க மச்சினனுக்கும் அப்படித்தான் போச்சு."

அந்த மச்சினனுக்கு என்ன நிறத்தில் போனது என்று அதற்கு முந்தின நாள்வரை யாரும் விசாரித்ததில்லை.

கைவிஷம் என்னவென்று நாஞ்சில் நாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். சோற்றிலோ பலகாரத்திலோ ஒருவருக்கு மருந்து வைத்துக் கொடுப்பார்களாம். அது செரிக்காதாம். வயிற்றில் ஒட்டிக்கொண்டு கிடக்குமாம். தின்றவர் வைத்தவளின் சொல்லைக் கேட்டு ஆடுவாராம். ஆடாவிட்டால் நோயில் விழுவாராம். ஆடினாலும் கைவிஷம், விழுந்தாலும் கைவிஷம். கல்லூரியில் நான் படித்த விதிகளில் ஒன்றுகூட இவ்வளவு வசதியாக இருந்ததில்லை.

மருந்து வைப்பது எப்போதும் பெண். அதிலும் அடுக்களைக்குப் புதிதாக வந்த பெண். எங்கள் அடுக்களைக்குப் புதிதாக வந்தவள் நான். போதாக்குறைக்குத் திருவனந்தபுரத்தில் ரசாயனம் படித்தவள்.

"மருந்து வைக்கதுக்கு இப்ப படிப்பே உண்டும், பட்டமும் உண்டும்" என்றாள் நாத்தனார் சொர்ணம்மாள். என் காதில் விழ வேண்டும் என்றுதான் சொன்னாள். விழுந்தது. கூட்டத்தில் எனக்கு நாக்கு எழாது. கல்லூரியில் வாய்மொழித் தேர்வில்கூட விடையைத் தரையைப் பார்த்துத்தான் சொன்னேன்.

நடந்தது இதுதான்.

என் மாமியார் பகவதியம்மாளுக்கு மூத்திரத்தில் ரத்தம் போயிற்று. அதை அவர் மகனிடம் சொல்லவில்லை. மகளிடம் சொல்லவில்லை. அந்த வீட்டில் தோவாளைப் பூ அத்தனையின் பெயரையும் உரக்கச் சொல்லலாம். மூத்திரம் என்ற சொல்லை முணுமுணுக்கவும் கூடாது. அழுக்குத் துணியில் கறையைப் பார்த்து நான்தான் கேட்டேன். ஒரு வாரம் கெஞ்சியபிறகு நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரிக்கு வரச் சம்மதித்தார். அது வெள்ளிக்கிழமை.

டாக்டர் குளோரி சின்ன விளக்கு பொருத்திய குழாய் ஒன்றை உள்ளே விட்டுப் பார்த்தார். பார்த்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"மூத்திரப்பைக்குள் ஒரு கட்டி இருக்கிறது" என்றார் என்னிடம். "எலுமிச்சங்காய் அளவு. இங்கே வரும் கட்டிகள் சாதாரணமாகப் பையின் உள்தோலில் முளைக்கும். இது தோலில் இல்லை. அதற்கு அடியில் உள்ள சதையில் முளைத்து உள்ளே தள்ளி நிற்கிறது. ரொம்ப அபூர்வம். புத்தகத்தில் படித்திருக்கிறேன், நேரில் இதுதான் முதல்."

"கெட்ட கட்டியா டாக்டர்?"

"எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். இப்போது எடுத்தால் பிழைப்பார் என்றுதான் நினைக்கிறேன். விட்டால் ஒருநாள் வழியை அடைத்துவிடும். அப்போது என்னிடம் கொண்டு வந்து பயன் இருக்காது. புதன்கிழமை கட்டில் காலியாக இருக்கிறது. தவறினால் அடுத்த கட்டில் ஒரு மாதம் கழித்துத்தான்."

பிறகு மாமியாரிடம் திரும்பி, எப்போதிலிருந்து ரத்தம் போகிறது என்று கேட்டார். மாமியார் சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். டாக்டரைக் குனியச் சொல்லிக் காதில் ஏதோ சொன்னார். டாக்டரின் புருவம் உயர்ந்தது. அந்தப் பதில் எனக்குக் கேட்கவில்லை.

கிளம்பும்போது டாக்டர் ஒரு சின்னப் புட்டியில் மாத்திரைகள் தந்தார். "ஆப்பரேஷன் வரைக்கும் மூத்திரம் சுத்தமாக இருக்கட்டும். நாளைக் காலையிலிருந்து கொடு. மெதிலீன் நீலம். உனக்குத் தெரிந்திருக்குமே?"

தெரியும். பரிசோதனைச் சாலையில் என் விரல்களில் ஒரு வாரம் இருந்த நிறம் அது.

"மூத்திரம் நீலமாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று சொல்லிவிடு. இன்னொன்று. இந்த ரத்தம் தானாக நிற்கும், தானாக வரும். நின்றுவிட்டது, குணமாகிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதே."

சனிக்கிழமை காலை முதல் மாத்திரையைக் கொடுத்தேன். நீலத்தைப் பற்றிச் சொல்ல ஒரு நிமிஷத் தனிமை வேண்டியிருந்தது. தனிமை வருவதற்குள் ஆசான் வந்துவிட்டார்.

அழைத்து வந்தவள் சொர்ணம்மாள். தாய்க்கு வயிற்றில் 'கட்டி', ஆப்பரேஷன் என்று மட்டும் வீட்டில் சொல்லியிருந்தோம். கட்டி என்றால் கைவிஷம். வேறு என்னவாக இருக்க முடியும்? என் கணவர் குமாரதாஸ் எதிர்த்துப் பேசவில்லை. அவர் பூ வியாபாரி. பிச்சிப்பூவை மூக்கருகே கொண்டுபோனால் எப்போது பறித்தது என்று சொல்லிவிடுவார். மனைவியைப் பற்றி அந்த அளவுக்கு அவருக்கு நிச்சயம் இல்லை. கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

பொன்னுலிங்கம் ஆசான் பேச்சிப்பாறை மலையில் பன்னிரண்டு வருஷம் இருந்தவர். தவம் என்றார்கள். அந்த மலையில் ரப்பர் தோட்டங்களும் உண்டு. ஆனால் ரப்பர் தோட்டத்தில் இருந்தார் என்று சொன்னால் யார் காலில் விழுவார்கள்? ஆகவே தவம்.

அவர் மாமியாரைப் பெஞ்சில் படுக்க வைத்தார். சேலைக்கு மேலேயே அடிவயிற்றில் ஒரு பித்தளைக் குழலை ஊன்றினார். வெற்றிலைச் சிவப்பேறிய வாயால் மந்திரம் கத்தினார். வாயை ஒருமுறை துடைத்துக்கொண்டார். குனிந்து உறிஞ்சினார். கன்னம் உப்பியது, கண் பிதுங்கியது. நிமிர்ந்து கோளாம்பியில் துப்பினார். டொக் என்று ஒரு சத்தம். நெல்லிக்காய் அளவில் சிவந்த கட்டி. தொட்டால் அமுங்கும், விட்டால் எழும்பும். சதை மாதிரியேதான் இருந்தது.

தோலில் ஒரு கீறல் இல்லை. சேலையில் ஒரு துளி ஈரம் இல்லை. யாருக்கும் அதுபற்றிச் சந்தேகம் இல்லை.

"அடிவயித்திலே ஒட்டிக் கிடந்த விஷமாக்கும்" என்றார் ஆசான். "மூணு தடவை எடுக்கணும். இன்னைக்கு ஒண்ணு, செவ்வாக்கிழமை ஒண்ணு, வெள்ளிக்கிழமை ஒண்ணு. அதுக்கு எடையிலே கத்தி பட்டா உயிரு நிக்காது. இங்கிலீஷ் மருந்து படியேறப்பிடாது. செவ்வாக்கிழமை வாற கட்டியிலே முடி இரிக்கும். வச்சவளுக்க முடி."

புதன்கிழமை ஆப்பரேஷன். வெள்ளிக்கிழமைவரை கத்தி கூடாது என்று ஆசான் அதை அழித்துவிட்டுப் போனார்.

அதற்கு ஐந்து மணி நேரம் கழித்துத்தான் நீலம் இறங்கியது.

இப்போது யோசித்துப் பாருங்கள். நான் என்ன சொல்ல முடியும்? 'நீலம் ஆசானால் வந்ததல்ல, நான் கொடுத்த மாத்திரையால் வந்தது' என்றா? மருமகள் எதையோ கொடுத்தாள். மாமியாருக்கு மூத்திரம் நீலமாகப் போயிற்று. என் வாயாலேயே என் தீர்ப்பை வாசித்த மாதிரி ஆகியிருக்கும். வாயை மூடிக்கொண்டேன். அது எனக்குக் கைவந்த வேலை.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் பந்தல் போட்டார்கள். கட்டியைக் கண்ணாடிப் புட்டியில் வைத்து, புட்டிக்குப் பிச்சிப்பூ மாலை போட்டார்கள். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் மாலை வாங்கி வந்தார்கள். என் கணவர் கடையில் பகல் பன்னிரண்டுக்குள் பூ தீர்ந்துவிட்டது. தோவாளையில் சாமிகளுக்கே அன்று பூ தட்டுப்பாடு.

வந்தவர்களுக்கும் ஆசான் குழல் வைத்தார். நெஞ்செரிச்சலுக்குக் கைவிஷம். கல்யாணம் தள்ளிப்போவதற்குக் கைவிஷம். பட்டதாரிக்கு வேலை கிடைக்காததற்குக்கூட, அவன் பாட்டி ஊட்டிய மோதகத்தில் கைவிஷம். எல்லாருடைய வயிற்றிலிருந்தும் கட்டி வந்தது. எல்லாக் கட்டியும் ஒரே அளவு. வயிறுகள்தான் வேறு வேறு.

ரத்தம் நின்றிருந்தது. டாக்டர் சொன்னபடி தானாக நின்றது. மாமியாரின் முகம் தெளிந்ததைப் பார்த்தவர்கள் அந்தப் பெருமையையும் ஆசானுக்கே கொடுத்தார்கள்.

மீன் கொண்டு வரும் வேளாங்கண்ணி அன்று கூடையை வேலியோரம் இறக்கிவிட்டுப் புட்டியைப் பார்க்க வந்தாள். கடற்கரைக்காரி. குரல் அலையைத் தாண்டிப் பேசிப் பழகியது. நான் அவள் பின்னால் நின்றுகொண்டு, அவளுடைய முதுகுக்குச் சொல்வதுபோல், மூத்திரம் என்று சொல்லக் கூசி, தண்ணீருக்கு எங்கள் பக்கத்துச் சொல்லான வெள்ளத்தை வைத்து மெல்லச் சொன்னேன்.

"கட்டி கிடந்த இடத்திலே வெள்ளம் நீலமா இருக்கு. கட்டி மட்டும் சிவப்பா இருக்கே."

வேளாங்கண்ணி திரும்பினாள். "என்ன மக்கா சொன்ன?"

நான் தரையைப் பார்த்தேன். அவளுக்கு அது போதும்.

"ஆசானே!" என்று கூப்பிட்டாள். பந்தல் முழுவதும் திரும்பியது. "கணவாக் கறியிலே மை பொட்டிச்சுன்னா அதிலே கிடக்க தேங்காக் கீத்துகூடக் கறுத்துப் போவும். இந்தக் கட்டி அம்மைக்க வயித்திலே நீல வெள்ளத்திலே கிடந்ததுங்கிய. பொறவு நீலம் பிடிக்காம எப்படி வந்து? குளிக்காம கரையேறிட்டோ?"

சிரிப்பு. உடனே ஒரு கிழவர், "ஏட்டி, மீன்காரி, உனக்கு மந்திரம் தெரியுமா?" என்று அதட்டினார்.

"எனக்கு மீனு தெரியும் பாட்டா. அதத்தான் கேட்டேன்."

ஆசான் கண்ணை மூடினார். திறந்தார். நீல வெள்ளத்துக்கு அவரிடம் காரணம் இல்லை என்பது எனக்கு அப்போது தெரிந்தது. ஊர் கொடுத்த அற்புதத்தை வாங்கி வைத்துக்கொண்டவர், அவ்வளவுதான். ஆனால் கெட்டிக்காரர்.

"மேலாப்பிலே கிடந்தது சிவப்பு" என்றார். "அடியிலே கிடக்கதுதான் நீலம். அந்த நீலந்தான் இப்ப கரைஞ்சு போவுது. செவ்வாக்கிழமை பாருங்க. மயில் கழுத்து நிறத்திலே கட்டி வரும். வரல்லேன்னா இந்தக் குழலை நான் தொடமாட்டேன்."

கூட்டம் ஆரவாரம் செய்தது. எனக்கும் சந்தோஷம்தான். பரிசோதனைச் சாலையில் ஆசிரியர் சொல்வார்: முடிவு என்ன வரும் என்று முதலில் சொல், பிறகு செய்துபார். ஆசான் சொல்லிவிட்டார். இனிச் செய்து பார்க்க வேண்டியதுதான்.

அன்று சாயங்காலம் கிணற்றடியில் மாமியாரும் நானும் மட்டும் இருந்தோம். அவர் வாளியைக் கயிற்றில் தொங்கவிட்டபடி கேட்டார்.

"ஏட்டி, உள்ளதச் சொல்லு. நீலம் அவனுக்க குழலா, உனக்க மாத்திரையா?"

"மாத்திரை, அத்தை."

"நிறுத்தினா?"

"ரெண்டு நாளுக்குள்ள நிறம் போயிரும். ஆனா எரிச்சல் வரும்."

"வரட்டு." அவர் தண்ணீரைச் சேந்தி என் குடத்தில் ஊற்றினார். "நிறுத்து. அவன் நீலமா எடுக்கட்டு, பாப்போம்."

"புதன்கிழமை ஆஸ்பத்திரிக்கு வருவீங்கல்லா?"

அவர் வாளியை மறுபடியும் கிணற்றில் இறக்கினார். "சொர்ணம் ஆசான் காலைப் பிடிச்சு அழுகா. குமாரதாஸு பேசாம நிக்கான். இந்த முடியும் எழவும் வந்து, அவனுக உன்னை வடசேரிக்கு உங்க அப்பா வீட்டுக்கு அனுப்பிட்டானுவன்னா, என்னை யாரு அங்க கூட்டிட்டுப் போவா? மகனா? அவன்ட்ட நான் எந்த எடத்தைச் சொல்லி வலிக்குன்னு சொல்லுவேன்?"

உண்மை. நான் அந்த வீட்டைவிட்டுப் போனால் புதன்கிழமையும் போய்விடும். கட்டி மட்டும் போகாது.

"எனக்கும் சொல்லதுக்கு ஒண்ணு உண்டு மக்கா" என்றார் திடீரென்று. "நாக்குதான் வரல்ல." குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

திங்கட்கிழமை நீலம் வெளிறியது. செவ்வாய்க்கிழமை விடிந்தபோது நீலம் இல்லை. ரத்தம் திரும்பி வந்திருந்தது. மாமியார் எனாமல் பாத்திரத்தை வாழையிலையால் மூடி, பின்கட்டில் வைக்கச் சொன்னார். முகம் வெளுத்திருந்தது.

பத்து மணிக்கு ஆசான் வந்தார். வேலியிலும் தென்னை மரத்திலும் ஆட்கள். முன் வரிசையில் கட்சிக்காரர்கள். சொர்ணம்மாள் ஆரத்தி எடுத்தாள். ஆசான் அவளை ஆசீர்வதிக்கக் கையைத் தூக்கினார். வாயைத் திறக்கவில்லை.

மாமியார் பெஞ்சில் படுத்தார். ஆசான் குழலை ஊன்றினார். சனிக்கிழமை ஊர் அதிர மந்திரம் கத்தியவர், இன்று உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, "ம்ம்ம்ம்" என்றார்.

"மந்திரம் இன்னைக்கு உள்ளுக்குள்ளயாக்கும்" என்று ஒருவர் விளக்கினார்.

"பெரிய மந்திரமெல்லாம் அப்படித்தான். வெளிய விட்டா கேட்டவனுக்குக் காது போயிரும்."

எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். வாயை ஏன் மூடினார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

குனிந்தார். உறிஞ்சினார். கன்னம் உப்பியது. நிமிர்ந்து துப்பினார்.

டொக்.

நீலம்! கோளாம்பியில் நீலக் கட்டி. நீல எச்சில். ஆசானின் உதடு நீலம், பல் நீலம், தாடியில் இரண்டு சொட்டு நீலம். மேல்துண்டால் வாயைத் துடைத்தார். துண்டு நீலம்.

சத்தம் சுசீந்திரம்வரை கேட்டிருக்கும். ஒருவர் மண்ணில் விழுந்து கும்பிட்டார். சொர்ணம்மாள் கட்டியை வாழையிலையில் எடுத்தாள். அதிலிருந்து முழ நீளத்தில் ஒரு முடி தொங்கியது.

"முடி! நீள முடி! பாத்துக்கிடுங்க எல்லாரும்!" அவள் என் பக்கம் திரும்பினாள். "குமாரதாஸு, இனியும் என்னத்துக்கு நிக்க? இவளைக் கொண்டு விட்டுட்டு வா. இப்பவே கொண்டு விடு!"

அந்தப் பந்தலில் நீள முடி உள்ள பெண்கள் நூறு பேராவது இருந்தார்கள். சொர்ணம்மாளும் ஒருத்தி. முடி என்னுடையதுதான் என்று அவளுக்கு எப்படித் தெரிந்தது? கைவிஷத்துக்கு இந்தக் கேள்வியெல்லாம் பிடிக்காது.

என் கணவர் என்னைப் பார்த்தார். ஓர் அடி எடுத்து வைத்தார். அடுத்த அடி எடுத்து வைத்தால் நான் பேசவே மாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

"அத்தைக்கு இன்னைக்குக் காலையிலே என்ன நிறத்திலே போச்சுன்னு கேளுங்க" என்றேன்.

கேட்பது யார்? முந்நூறு பேர் கண்டதாகச் சொன்ன மூத்திரத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்க ஒருவருக்கும் வாய் இல்லை.

ஆசானுக்கு மட்டும் இருந்தது. "நீலந்தான்! அடியிலே கிடக்க நீலம் கரைஞ்சு கரைஞ்சு போவுதுல்லா? அதிலே என்ன சம்சயம்?"

மாமியார் பெஞ்சில் எழுந்து உட்கார்ந்தார். சேலையைச் சரிசெய்துகொண்டார்.

"சிவப்பு" என்றார்.

"என்னம்மா?"

"காதைப் பொத்தினது போதும், எடு. எனக்கு இன்னைக்கு மூத்திரம் சிவப்பாப் போச்சு. ரத்தம். நீலம் ஒரு சொட்டு கிடையாது."

அந்தச் சொல்லை அவர் உரக்கச் சொன்னார். அவருடைய மகன் தலையைக் குனிந்துகொண்டார். வேளாங்கண்ணி யாரையும் கேட்காமல் பின்கட்டுக்குப் போய் எனாமல் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து இலையை நீக்கினாள்.

"வந்து பாருங்க. போன தடவை கட்டி சிவப்பு, வெள்ளம் நீலம். இந்தத் தடவை கட்டி நீலம், வெள்ளம் சிவப்பு. ஆசானே, உனக்கு எந்த வயித்திலேருந்து வருது இதெல்லாம்?"

நான் மாத்திரைப் புட்டியை எடுத்து வந்தேன். ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் மாத்திரை ஒன்றைப் போட்டுக் கலக்கினேன். தண்ணீர் மெல்ல மயில் கழுத்து நிறமாயிற்று.

"டாக்டர் தந்தது. மூத்திரத்தைச் சுத்தமா வைக்க. ஞாயித்துக்கிழமையோடு நிறுத்தினேன். நீலமும் நின்னுபோச்சு." கலங்கிய தண்ணீரிலிருந்து ஒரு வாய் குடித்தேன். "விஷம்னு நினைக்கிறவங்களுக்காக."

"பொய்!" என்றார் ஆசான். வாய் திறந்தபோது நாக்கும் நீலமாக இருந்தது. "கட்டி நீலமா இல்லியா? அதைச் சொல்லு!"

"கட்டிக்கு வெளிய உள்ள நீலம் உங்க துண்டிலே இருக்கு. துணிக்குப் போடுற நீலம். கட்டியிலே சரியாப் பிடிக்காம துண்டிலே வழிஞ்சிருக்கு. வாயிலே வச்சிருந்தா வாயிலே ஒட்டும்."

சொர்ணம்மாள் கட்டியை முகத்தருகே தூக்கிப் பார்த்தாள். இலை சரிந்தது. கட்டி தரையில் விழுந்தது.

விழுந்தது கிடக்கவில்லை. துள்ளியது. ஒரு துள்ளு, இரண்டு துள்ளு, வாசற்படியில் ஒரு துள்ளு. முடியை வால்போல் இழுத்துக்கொண்டு, கட்சிக்காரர்களின் கால்களுக்கு நடுவே உருண்டு நின்றது.

என் கணவர் குனிந்து அதை எடுத்தார். விரலால் அழுத்தினார். பூவை முகர்வதுபோல் மூக்கருகே கொண்டுபோனார். பிறகு தீப்பெட்டி எடுத்து ஒரு குச்சியைக் கிழித்து ஓரத்தில் காட்டினார். கரும்புகை எழுந்தது. வடசேரி பஸ் ஸ்டாண்டில் பழைய டயரை எரித்தால் வரும் நாற்றம்.

"ரப்பர்" என்றார். எட்டு மாதத்தில் அவர் என் பக்கம் நின்று சொன்ன முதல் சொல். "ரப்பர் மரத்திலே வெட்டுக்காயத்திலே ஒட்டிக் காயுமே, அந்த ஒட்டுப்பாலு. உருட்டி வச்சிருக்கான்."

பன்னிரண்டு வருஷத் தவத்தின் பலன் இன்னதென்று ஊருக்கு அப்போது விளங்கியது. வேளாங்கண்ணி ஆசானின் மடிச்சீலையைப் பிடித்து இழுத்தாள். வெற்றிலைப் பொட்டலத்துக்குள்ளிருந்து நெல்லிக்காய் அளவில் உருண்டைகள் கொட்டின. எல்லாம் வேறு வேறு வயிறுகளுக்காகக் காத்திருந்தவை. பந்தல் முழுவதும் துள்ளிக்கொண்டு ஓடின. பட்டதாரி ஒன்றைப் பிடித்துவைத்துக்கொண்டு, பாட்டியின் மோதகத்தை நினைத்தோ என்னவோ, விம்மினான்.

ஆசானை நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். மண்ணில் விழுந்து கும்பிட்டவர்தான் முதலில் செருப்பைக் கழற்றினார்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

"ஆசான் கள்ளன். சம்மதிச்சேன்" என்றார் காதைப் பொத்தியவர்களில் ஒருவர். "அதுக்காகக் கைவிஷம் இல்லேன்னு ஆயிருமா?"

"அதானே? டாக்டரம்மையும் கட்டி உண்டுன்னுதானே சொன்னா?"

"உள்ளதுதான்" என்றாள் சொர்ணம்மாள். அழுதுகொண்டே சொன்னாள். "எடுத்தவன் பொய்யன். வச்சது மெய்யாக்கும். இவ வந்த பொறவுதானே அம்மைக்கு இப்படி?"

தலைகள் ஆடின. ரப்பரைக் கண்ணால் பார்த்த தலைகள். புகையை மூக்கால் மோந்த தலைகள். வேறொரு நல்ல ஆசானை எங்கே தேடுவது என்று இரண்டு பேர் அங்கேயே பேச ஆரம்பித்துவிட்டார்கள். தக்கலைப் பக்கம் ஒருவர் இருக்கிறாராம். அவர் குழல் வெள்ளியாம்.

மாமியார் பெஞ்சிலிருந்து இறங்கினார். ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டார். பிடியில் பலம் இல்லை.

"குமாரதாஸு, நாளைக்குக் காலத்த முதல் பஸ்ஸு. நானும் இவளும் ஆஸ்பத்திரிக்குப் போறோம். நீயும் வா. கட்டி எங்க இருக்குன்னு டாக்டரே உனக்குச் சொல்லுவா." மகளிடம் திரும்பினார். "சொர்ணம், கண்ணைத் தொடச்சுக்க. இவ இந்த வீட்டுக்கு என்னைக்கு வந்தா?"

"போன ஆவணியிலே."

"அதுக்கு முந்தி இவ கையாலே நான் ஒரு வாய் வெள்ளம் குடிச்சதுண்டா?"

"இல்ல."

மாமியார் பந்தலைப் பார்த்தார். ஒரு முகத்தையும் விடவில்லை.

"எல்லாரும் கேளுங்க. தலை, பூ வச்சுக்கிடதுக்கு மட்டும் உள்ளதில்ல. கொஞ்சம் யோசிக்கதுக்கும் உள்ளதாக்கும். வெக்கப்பட்டு நான் பெத்த பிள்ளையள்ட்டகூடச் சொல்லாததை இப்பச் சொல்லுகேன். எனக்கு மூத்திரத்திலே ரத்தம் போகத் தொடங்கினது, இவ இந்த வாசல்லே கால் வைக்கதுக்கு ரெண்டு வருஷம் முந்தி."